கல்வாழைப் பாத்தியும் மூன்று குழாய்களும்

கத்திரி முடிந்த அன்று சமையலறைக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். லாரித் தண்ணீர் வாங்கிய நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் எத்தனை ரூபாய் என்று எழுதி வைப்பது என் பழக்கம். 2021 மே மாதத்தில் மட்டும் ஐந்து வட்டங்கள் இருந்தன. 2025 ஏப்ரலிலும் மேயிலும் ஒன்றுகூட இல்லை. மழைநீரைப் பிடித்து வைக்கவும், குளித்த தண்ணீரைக் கழிப்பறைக்குத் திரும்பப் பயன்படுத்தவும் மூன்று வருடமாகக் கட்டி, இடித்து, திரும்பக் கட்டிய வேலை இப்போதுதான் ஒரு முழுக் கோடையைத் தாண்டியிருக்கிறது. எங்கே தப்பு செய்தோம் என்பது நினைவில் இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போது நாங்கள் லாரிக்குப் பதிந்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். தனியார் லாரிக்காரர் 12,000 லிட்டருக்கு 4,500 ரூபாய் கேட்டார், கொடுத்தோம். அத்தை பாத்திரம் அலசிய தண்ணீரைக்கூட பக்கெட்டில் பிடித்து வைத்துக் கழிப்பறைக்கு ஊற்றுவார். அவருக்கு அப்போது 71 வயது. அந்த பக்கெட்டை அவர் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த நாளில்தான், என்றைக்காவது மாடி கட்டினால் இந்த வேலையைக் குழாயே செய்யும்படி கட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். 2022 ஜனவரியில் மாடி வேலை தொடங்கியது.

முதலில் ஏற்கெனவே இருந்ததைத் தோண்டிப் பார்த்தோம். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழக அரசு உத்தரவு போட்டபோது மாமா முன்வாசலில் ஒரு குழி போட்டிருந்தார். மூன்றடிக்கு மூன்றடி, நாலடி ஆழம், உள்ளே ஜல்லி, மேலே துளை போட்ட சிலாப். சிலாப்பைத் தூக்கினால் ஜல்லி தெரியவில்லை, சேறுதான் தெரிந்தது. அதை அள்ளிப் போட்டுவிட்டு நாலு குடம் ஊற்றினேன். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றது. எங்கள் மண் மேலே முழுக்கக் களிமண். கடற்கரைப் பக்கம் மணல் பூமியில் நாலடிக் குழி போதும், இங்கே போதாது. பத்தொன்பது வருடமாக அந்தக் குழி இருந்தும் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கியிருக்காது என்று நினைக்கிறேன்.

கணக்கு இப்படிப் போட்டேன். புது மொட்டை மாடி 36 அடிக்கு 25 அடி, அதாவது 900 சதுர அடி, கிட்டத்தட்ட 84 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர். தெறிப்பது, ஆவியாவது, கழுவி விடுவது எல்லாம் போக எண்பது சதவீதம் பிடித்தால்கூட 94,000 லிட்டர் வருகிறது. எட்டு லாரித் தண்ணீர். ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், சில நாட்களிலேயே கொட்டிவிடும். நூறு மில்லிமீட்டர் பெய்யும் ஒரே நாளில் ஏழாயிரம் லிட்டர் வரும். அதனால் எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் நிரம்பி வழியத்தான் செய்யும். தொட்டியில் கொஞ்சம், மீதி பூமிக்குள், குளித்த தண்ணீர் கழிப்பறைக்கு என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டோம்.

மாடித் தளத்தின் வாட்டத்துக்கு நான் அதிக நேரம் செலவழித்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. தண்ணீர் எல்லாம் தென்கிழக்கு மூலைக்கு வர வேண்டும், ஏனென்றால் தொட்டி வரப்போவது அங்கேதான். தட்டோடு பதிக்கும் முன் மேஸ்திரி டியூப் லெவல் பிடித்து, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுத்தார். எனக்கு அது குறைவாகத் தோன்றியது. “தண்ணி ஊத்திப் பாத்துடலாம் மேடம், அது பொய் சொல்லாது” என்றார். வடமேற்கு மூலையில் பத்து பக்கெட் ஊற்றினோம். எல்லாம் ஓடி வந்தது, படிக்கட்டு அறையின் பின்பக்கம் மட்டும் ஒரு தட்டு அளவுக்குத் தேங்கியது. அந்த இடத்தைக் கொத்தி, சரி செய்துவிட்டு, மறுபடி ஊற்றினோம். இந்தச் சோதனைக்கு அரை நாள் கூலி ஆனது. மொட்டை மாடியில் குட்டை இருந்தால் பாசி பிடிக்கும், கொசு வரும், அந்தப் பாசி அடுத்த மழைக்குத் தொட்டிக்குள் வரும். அரை நாள் கூலி பெரிய விஷயமே இல்லை.

அடுத்தது முதல் மழையைக் கழித்து விடும் ஏற்பாடு. இதில்தான் முதல் தப்பு. இறங்கும் குழாயில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) வைத்து, அதன் கீழே மூன்றடிக்கு நாலு அங்குலக் குழாயைத் தொங்கவிட்டு, அடியில் எண்ட் கேப் மாட்டினார் பிளம்பர். அழுக்குத் தண்ணீர் முதலில் அதில் போய் நிரம்பும், பிறகு வரும் நல்ல தண்ணீர் வடிகட்டிக்குப் போகும் என்பது யோசனை. யோசனை சரிதான், அளவு சரியில்லை. நாலு அங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு எட்டு லிட்டர்தான் பிடிக்கும். மூன்றடிக் குழாயில் எட்டு லிட்டருக்கும் குறைவு. 84 சதுர மீட்டர் மாடியைக் கழுவ ஒன்றரை மில்லிமீட்டர் மழையாவது வேண்டும், அதாவது 125 லிட்டர். முதல் மழைக்குப் பிறகு தொட்டியைத் திறந்து பார்த்தால் புறா எச்சமும் வேப்பிலையும் மிதந்தன.

அத்தை பிறந்த வீடு காரைக்குடிப் பக்கம். ஓட்டுச் சாய்ப்பிலிருந்து முற்றத்துக்கு விழும் மழையை அண்டாக்களில் பிடித்துச் சமையலுக்கு வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். நான் அந்த வேப்பிலைகளை வலையால் அள்ளிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “ஏம்மா, முத மழைக்கு யாராவது அண்டாவ வைப்பாகளா? முத மழை ஓட்டைக் கழுவுறதுக்கு. அதுக்கு அடுத்த மழைக்குத்தான் துணியக் கட்டி அண்டாவ வைப்போம்.” நான் லிட்டர் கணக்கில் தேடிய பதில் அவருக்கு எட்டு வயதிலேயே தெரிந்திருக்கிறது. கட்டும்போதே அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

வடிகட்டியிலும் இதேபோல் ஒரு சறுக்கல். 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை வாங்கி, அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் மரக்கரி, மேலே எம் சாண்ட் என்று அடுக்கினோம். 2022 நவம்பரில் ஒரு இரவு நல்ல மழை. டிரம் விளிம்பு வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, தொட்டிக்குள் போனது நூலாகத்தான். காரணம் இரண்டு. டிரம்மின் வாய் இரண்டடிக்கும் குறைவு. மணிக்கு நாற்பது மில்லிமீட்டர் மழை என்றால் 3,300 லிட்டர் அந்தச் சின்ன வாய் வழியாக இறங்க வேண்டும், முடியாது. இரண்டாவது, எம் சாண்டை அலசாமல் போட்டுவிட்டோம். அதிலிருந்த கல் மாவு கீழே இறங்கி எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டது. கரி வேறு மிதந்து மேலே வந்து, மணலைக் கலைத்துவிட்டது. காய்ந்த கரி மிதக்கும் என்பது இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அள்ளிய வீட்டில் வளர்ந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இரண்டையும் ஒன்றாகச் சரி செய்தோம். டிரம்மைக் காலி செய்து, முதல் மழை பிடிக்கும் பாத்திரமாக மாற்றினோம். 200 லிட்டர் நிரம்பிய பிறகுதான் தண்ணீர் வடிகட்டிக்குத் திரும்பும். டிரம்மின் அடியில் அரை அங்குலக் குழாய் ஒன்று, அது எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கும். மழை நின்று ஒரு நாளுக்குள் டிரம் தானே காலியாகி அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். வால்வைத் திறந்துவிட மறந்துபோவது என்ற பிரச்சினையே இல்லை. வடிகட்டிக்குத் தனியாக நாலடிக்கு மூன்றடி செங்கல் தொட்டி, உள்ளே சிமெண்ட் பூச்சு. அடியில் 40 எம்எம் ஜல்லி ஒரு அடி, அதன்மேல் 20 எம்எம் ஒரு அடி, அதன்மேல் நைலான் வலை, வலைமேல் நன்றாக அலசிய பெருமணல் அரை அடி, மறுபடி வலை, வலை நகராமல் இருக்க மேலே கைப்பிடிக் கற்கள். மணலை அலசவே இரண்டு சித்தாள்களுக்கு ஒரு நாள் ஆனது. தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசச் சொன்னேன். கரி போடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, செப்டம்பரில், மேல் வலையைத் தூக்கி மணலை மட்டும் வெளியே எடுத்துக் கழுவிப் போடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மழைநீருக்கென்று தனித் தொட்டி: பத்தடி நீளம், ஆறடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் ஐந்தடி, 8,500 லிட்டர். பழைய சம்ப்போடு கலக்கவில்லை, அதில் லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் விழும். மழைநீர்த் தொட்டியில் உப்பு மீட்டரை விட்டால் 40 பிபிஎம்தான் காட்டுகிறது, போர் தண்ணீரோடு சேர்த்தால் அந்த நன்மை வீணாகிவிடும். சமையலுக்கும் குடிக்கவும் இதுதான். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறோம், குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆறவைக்கிறோம். பருப்பு சீக்கிரம் வேகிறது என்று அத்தைக்குப் பெரிய சந்தோஷம். இந்தத் தொட்டியில் செய்த ஒரே தப்பு, வழிந்து போகும் குழாயை இரண்டு அங்குலத்தில் வைத்தது. உள்ளே வருவது நாலு அங்குலம், வெளியே போவது இரண்டு அங்குலம் என்றால் நடுவில் தண்ணீர் எங்கே போகும்? மூடி விளிம்பு வழியாக வந்தது. வழியும் குழாயையும் நாலு அங்குலமாக மாற்றினோம்.

வழியும் தண்ணீர் போவதற்கு உறை கிணறு. உறை இறக்குபவர்கள் இரண்டு பேர் வந்து நாலு நாளில் 18 அடி இறக்கினார்கள். ஒன்பது அடி வரைக்கும் களிமண், வாளியில் உருண்டை உருண்டையாக வந்தது. பத்தாவது அடியில் மண்ணின் நிறம் மாறி, கைக்குள் நொறுங்கும் கப்பி மண் வந்தது. அதைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன். மூன்றடி விட்டத்தில் 18 உறைகள், ஒன்று 550 ரூபாய். தோண்டும் கூலி அடிக்கு 600. உறைகளுக்கு நடுவே சிமெண்ட் பூச வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். வெளிச்சுற்றில் ஜல்லி போட்டு நிரப்பினோம். முடிந்ததும் ஆயிரம் லிட்டர் ஊற்றிப் பார்த்தோம். கிணற்றில் ஐந்தடி ஏறியது, ஒன்றரை மணி நேரத்தில் முழுவதும் இறங்கிவிட்டது. மாமா போட்ட குழியில் நாலு குடம் இரவெல்லாம் நின்றதை நினைத்துக்கொண்டேன். அவர் போட்ட இடம் தவறு இல்லை, இன்னும் ஆறடி ஆழம்தான் தேவைப்பட்டிருக்கிறது. சென்னையில் ‘மழை இல்லம்’ என்ற மழைநீர் சேகரிப்பு மையத்தை நடத்தும் சேகர் ராகவன் போன்றவர்கள் இதைத்தான் பல வருடமாகச் சொல்கிறார்கள்: எந்த இடத்தில் எந்த மண் என்று பார்த்துக் குழியா, கிணறா என்று முடிவு செய்ய வேண்டும்.

இனி குழாய்கள். மாடியில் இரண்டு குளியலறை. இரண்டிலும் கழிப்பறைக் கழிவு தனியாக, குளியல் தண்ணீரும் வாஷிங் மெஷின் தண்ணீரும் தனியாக, இரண்டு குழாய்களில் கீழே வர வேண்டும். மூன்றாவதாக, சுத்தமான பிறகு அந்தத் தண்ணீரை ஃபிளஷ் தொட்டிக்கு மேலே ஏற்றும் குழாய். கீழ்தளம் 1990களில் கட்டியது, அங்கே எல்லாம் ஒரே குழாய், தரையை உடைக்காமல் பிரிக்க முடியாது. அதனால் கீழ்தளத்தைத் தொடவில்லை. வாஷிங் மெஷினை மட்டும் மாடிக்கு மாற்றினோம்.

இங்கே செய்த தப்புதான் மனதுக்கு அதிகக் கஷ்டம் கொடுத்தது. ஃபிளஷுக்கான குழாய்க்கு நீலப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தேன். அடித்தார்கள், ஆனால் சுவருக்குள் போகும் இடத்தில் இல்லை. டைல்ஸ் ஒட்டி, குழாய் மாட்டி, குடிவந்து இரண்டு வாரம் கழித்து, கிழக்குக் குளியலறையில் ஹெல்த் ஃபாசெட்டில் வரும் தண்ணீரில் லேசாக சோப்பு வாடை வந்தது. மேலே உள்ள ஃபிளஷ் தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடினேன், ஹெல்த் ஃபாசெட் நின்றுபோனது. மறுபயன்பாட்டுத் தண்ணீர் உடம்பில் படும் குழாயில் வந்துகொண்டிருந்திருக்கிறது. வீட்டில் குழந்தை இருக்கிறது. அன்றைக்கே அந்தக் குழாயை அடைத்தோம், மறுவாரம் சுவரை உடைத்தோம். டைல்ஸ், கூலி எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். பிளம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. சோதிக்க வேண்டியது நான். டைல்ஸ் ஒட்டும் முன், இரண்டு மேல் தொட்டிகளில் (ஒன்று ஃபிளஷுக்கு, ஒன்று மற்ற குழாய்களுக்கு) ஒன்றை மூடிவிட்டு, வீட்டில் உள்ள எல்லாக் குழாய் வாயையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு மற்றதை மூடிவிட்டு மறுபடி. ஒரு மணி நேர வேலை. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்வாழைப் பாத்திக்கு வருகிறேன். குளித்த தண்ணீரைக் கல்வாழைப் பாத்தியில் விட்டுச் சுத்தம் செய்யும் முறையைச் சென்னை அடுக்ககங்களில் பல வருடங்களுக்கு முன்பே செய்து காட்டியவர் இந்துகாந்த் ரகடே. நான் அதைச் சின்னதாகச் செய்தேன். பின்சுவர் ஓரமாகப் பத்தடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் செங்கல் தொட்டி. தண்ணீர் நுழையும் பக்கம் ஒரு அடி நீளத்துக்கு 40 எம்எம் ஜல்லி, மீதி முழுக்க 20 எம்எம். மண் கிடையாது, கிழங்கை ஜல்லிக்குள்ளேயே நட வேண்டும். ஜல்லிச் சந்துகளில் கிட்டத்தட்ட 700 லிட்டர் பிடிக்கும். எங்கள் தண்ணீர் நாளுக்கு 280 லிட்டர். எப்படி அளந்தேன் என்றால், பாத்திக்கு அடுத்து இருக்கும் சேகரிப்புத் தொட்டி மூன்றடிக்கு மூன்றடி, ஒரு அங்குலம் ஏறினால் 21 லிட்டர். காலை ஆறு மணிக்கு டேப் வைத்து அளந்தேன், மறுநாள் ஆறு மணிக்கு 13 அங்குலம் ஏறியிருந்தது. ஆக, தண்ணீர் பாத்திக்குள் இரண்டு நாளுக்கு மேல் தங்கி மெதுவாக வெளியே வருகிறது.

பக்கத்து வீட்டில் களைந்து போட்ட கல்வாழைக் கிழங்குகள் 22, வெட்டிவேர் தூர் நாலு. நட்டு ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை, இரண்டாவது மாதம் ஆளுயரம் வந்துவிட்டது. ஆனால் பாத்தி சரியாக வேலை செய்ய எட்டு மாதம் பிடித்தது. முதலில் வெளியேறும் குழாயை ஜல்லியின் மேல்மட்டத்தில் வைத்திருந்தோம். தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது, நாலே நாளில் கொசுப் புழு. ஒரு எல்போவைத் திருப்பி, தண்ணீர் மட்டத்தை ஜல்லிக்கு மூன்று அங்குலம் கீழே இறக்கினோம். இப்போது கற்கள் மேலே காய்ந்திருக்கின்றன, தண்ணீர் உள்ளேதான் ஓடுகிறது, கொசு இல்லை. அப்புறம், சமையலறைத் தண்ணீரையும் இதிலேயே விடலாம் என்று நான் ஆசைப்பட்டது. ஐந்து வாரத்தில் முன்பக்கக் கற்களில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அழுகிய வாடை அடிக்க ஆரம்பித்தது. இரண்டடி நீளத்துக்கு ஜல்லியை அள்ளி, கழுவி, வெயிலில் காயவைத்து, திரும்பப் போட்டோம். சமையலறைக் குழாய் பழையபடி சாக்கடைக்கே போகிறது. பாத்திக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சின்னத் தொட்டியும் கட்டினோம், முடியும் துணிப் பிசிறும் அதில் நிற்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதை அள்ள வேண்டும். வாஷிங் மெஷின் குழாய் வாயில் பழைய நைலான் சாக்ஸ் கட்டியிருக்கிறேன், பிசிறு பாதி அதிலேயே நின்றுவிடுகிறது.

சேகரித்த தண்ணீரை வைத்திருக்கக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஆறு நாள் கழித்துத் திரும்பினால் கேட்டைத் திறக்கும்போதே வாடை. அன்றிலிருந்து தினமும் காலையில் அரை ஹெச்பி மோட்டார் சேகரிப்புத் தொட்டித் தண்ணீரை மேலே 500 லிட்டர் ஃபிளஷ் தொட்டிக்கு ஏற்றிவிடும், மிச்சம் வாழைக்குப் போய்விடும். வெளியூர் போவதென்றால் இரண்டையும் காலி செய்துவிட்டுப் போகிறோம். சோப்புத் தூளால் ஒரு பாதிப்பு வந்தது: வாழைக்குழி மண் மேலே வெள்ளையாகப் பூத்து, பக்கத்திலிருந்த கறிவேப்பிலை மஞ்சளாகிப் பட்டுப்போனது. துவைக்கத் திரவ சோப்புக்கு மாறினோம். வாழையும் கல்வாழையும் நன்றாக இருக்கின்றன, புதுக் கறிவேப்பிலைக்கு இந்தத் தண்ணீரைக் காட்டுவதே இல்லை.

மாடியில் ஃபிளஷ் தொட்டிகள் மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று இரண்டு பட்டன் உள்ளவை. குழாய்களில் காற்று கலக்கும் மூடி மாட்டினோம். ஒரு லிட்டர் குவளை முன்பு ஐந்து வினாடியில் நிரம்பியது, மாட்டிய பிறகு பத்து வினாடி. கை கழுவ அது போதும். ஆனால் மாடிச் சமையலறைக் குழாய்க்கும் மேல் தொட்டிக்கும் உயர வித்தியாசம் எட்டடிதான், அங்கே தண்ணீர் நூலாக வந்ததால் கழற்றிவிட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தபோது 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. எங்கள் தெருவுக்குப் பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, வாசல் இப்போது ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளம். டிசம்பர் 4ஆம் தேதி முழங்காலளவு தண்ணீர் உள்ளே வந்து இரண்டு நாள் நின்றது. உறை கிணற்றின் விளிம்பு தரையிலிருந்து அரை அடிதான். சாக்கடை கலந்த தெருத் தண்ணீர் நேராக அதற்குள் இறங்கியது. மண் வடிகட்டாமல், பதினெட்டு அடி ஆழத்துக்கு நேரடியாக. அதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றதைப்போல் வேறு எதுவும் என்னை வாட்டவில்லை. பூமிக்கு நல்லது செய்ய வைத்த வழியே அதற்குக் கெடுதலாகிப் போனது. மழைநீர்த் தொட்டியின் மூடியும் உயரம் போதாமல், 8,500 லிட்டர் நல்ல தண்ணீர் கெட்டது. தெரு முழுக்கத் தண்ணீர், குடிக்க வீட்டில் இரண்டு கேன்.

வெள்ளம் வடிந்ததும் கிணற்றை மூன்று நாள் இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி இறைத்தோம். போர் தண்ணீரை ஒரு மாதம் சமையலுக்கோ குளிக்கவோ தொடவில்லை. கிணற்று விளிம்பை மூன்றடிக்கு உயர்த்தி, அந்த உறைகளுக்கு மட்டும் சிமெண்ட் பூசி, சந்தில்லாத மூடி போட்டோம். தொட்டி மூடியையும் இரண்டரை அடி உயர்த்தினோம். மாடியிலிருந்து இறங்கும் குழாயில் தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஒரு வால்வு வைத்தோம், தொட்டியும் கிணறும் நிரம்பிவிட்டால் அதைத் திருப்பி மாடித் தண்ணீரை வெளியே விட்டுவிடலாம். 2024 அக்டோபர் நடுவில் கனமழை பெய்தபோது வாசலில் மறுபடி தண்ணீர் நின்றது, உள்ளே ஒரு துளியும் போகவில்லை. டார்ச் அடித்து இரவு இரண்டு முறை பார்த்தேன்.

செலவு: மழைநீர்த் தொட்டி 1,18,000 ரூபாய், உறை கிணறு மூடியோடு 22,000, வடிகட்டித் தொட்டி 9,500, பாத்தி 17,000, தனிக் குழாய்களுக்கான கூடுதல் செலவு 24,000, மோட்டாரும் ஃபிளஷ் தொட்டியும் 11,500. இவை போக, தப்புகளுக்காக மட்டும் 18,000: சுவரை உடைத்தது 7,500, வெள்ளத்துக்குப் பின் உயர்த்தியது 6,500, வீணாய்ப்போன முதல் வடிகட்டி 4,000. மொத்தம் 2,20,000. பாதிக்கு மேல் தொட்டிக்கே போயிருக்கிறது. கையில் பணம் குறைவாக இருந்தால் தொட்டியைத் தள்ளிப்போடலாம். குழாய் பிரிப்பதையும் கிணற்றையும் தள்ளிப்போடக் கூடாது. தொட்டியை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், சுவருக்குள் போன குழாயைத் திரும்ப எடுக்க முடியாது. போர் தண்ணீரின் உப்பு 2021 மே மாதத்தில் 1,650 பிபிஎம், 2025 மே மாதத்தில் 980. ஒரு வீட்டுக் கிணற்றால் மட்டும் இவ்வளவு இறங்கியிருக்காது, நல்ல மழை வருடங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் பக்கெட்டில் இப்போது வெள்ளைக் கறை படிவதில்லை.

மறுபடி கட்டினால் பாத்தியை வேறு இடத்தில் வைப்பேன். எங்கள் பின்சுவர் ஓரத்தில் பதினோரு மணி வரை வெயில் வருவதில்லை, அந்தப் பக்கத்துச் செடிகள் இன்னமும் குட்டைதான். அகலத்தை இன்னும் அரை அடி கூட்டுவேன். கீழ்தளக் குளியலறையின் தரையை அப்போதே உடைத்திருப்பேன், அங்கிருந்து இன்றும் நாளுக்கு இருநூறு லிட்டராவது சாக்கடைக்குப் போகிறது. ரோடு இன்னும் ஒரு அடி உயரும் என்று வைத்துக்கொண்டு எல்லா மூடிகளையும் கட்டுவேன்.

அடுத்த தெருவில் என் தோழி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனேன். காலையிலும் மதியத்திலும் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து, தெற்குச் சுவர் ஓரமாகச் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு வந்தோம். பன்னிரண்டு அடிக்கு மூன்றடி. கல்வாழைக் கிழங்கு எங்கள் வீட்டிலிருந்து போகும்.